ஆளுக்குக் கேட்ட துப்புக்கூலி

மாடு களவு போனால் எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் யாரும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போக மாட்டார்கள். துப்புக்காரரைத்தான் தேடிப் போவார்கள். மாடு எங்கே நிற்கிறது என்று 'கேள்விப்பட்டு' வந்து சொல்லும் ஆள் அவர். திருடியது அவர் இல்லை என்பது பேச்சு. திருடியவனை அவருக்குத் தெரியாது என்பதும் பேச்சு. ஆனாலும் துப்புக்கூலி என்று ஒரு தொகையை அவர் கையில் வைத்தால் ஏதாவது ஒரு கண்மாய்க் கரையில் மாடு கட்டிக் கிடக்கும். போய் அவிழ்த்துக்கொண்டு வர வேண்டியதுதான். போலீஸுக்குப் போனால் அது அடிமாடாகக் கேரளாவுக்குப் போய்விடும்.

கல்யாணமாகிக் கொட்டாம்பட்டிப் பக்கம் வந்த புதிதில் இதைக் கேள்விப்பட்டபோது எனக்கு ஆச்சரியமாக இருக்கவில்லை. எங்கள் அப்பா வீட்டுக் காளை ஒன்றும் அப்படித்தான் போய்விட்டு வந்தது. மழை வெயிலை ஏற்றுக்கொள்கிற மாதிரி ஊரே அதை ஏற்றுக்கொண்டிருந்தது. அது எம்புட்டு அசிங்கமான காரியம் என்பது எனக்கு உறைத்தது, என் வீட்டுக்காரருக்கே துப்புக்கூலி கேட்டு ஆள் வந்தபோதுதான்.

எண்பதுகளின் தொடக்கம் அது. என் வீட்டுக்காரர் புளி வியாபாரம் பார்த்தார். திருச்சி ரோட்டில் எங்கள் ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் மதுரை மாவட்டம் முடிந்துவிடும். ரோட்டோரத்தில் ஒரு எல்லைப் பலகை இருக்கும். பலகைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புளிய மரங்களைக் குத்தகைக்கு எடுத்து, உலுக்கி, எங்கள் வீட்டுக்குக் கொண்டுவருவார். நானும் இன்னும் நாலு பெண்களும் உட்கார்ந்து கொட்டை எடுப்போம். அந்த வருஷம் புளி நல்ல விலை போனது. பழைய மொபெட் ஒன்று வாங்கினார். அதுதான் ஊர்க் கண்ணில் பட்டிருக்க வேண்டும். வாங்கிய அன்றே இது வேண்டாம் என்றேன். ஆனால் நான் எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவள். பால் பொங்கி வழிந்தாலும் பயப்படுவேன். அதனால் யாரும் என் பேச்சைக் கணக்கில் எடுப்பதில்லை.

அவருக்கு இழுப்பு நோய் உண்டு. மதுரை கோரிப்பாளையத்தில் ஒரு டாக்டர்; மாதத்துக்கு ஒரு தடவை பஸ் ஏறிப் போய் மாத்திரை வாங்கி வருவோம். கம்பவுண்டர் சின்னச் சின்ன வெள்ளை மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்துப் பொட்டலமாகத் தருவார். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. மாத்திரை தப்பினால் அவர் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்குக் காது கொடுத்தே என் கல்யாண வாழ்க்கை ஓடிக்கொண்டிருந்தது. வெளியே கிளம்பினால் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துத்தான் அனுப்புவேன். அன்றைக்குக் குத்தகைக்காரர் ஒருத்தரைப் பார்த்துவிட்டு மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்துவிடுவேன் என்று போனார். "இந்தா போயிட்டு இந்தா வந்துருவேன், அதுக்கு எதுக்கு மாத்திரை?" என்றார். பொட்டலம் மாடத்திலேயே இருந்தது. அவர் வரவில்லை.

மறுநாள் காலையில் ஆடு மேய்க்கிறவர் ஒருத்தர் வந்து, ரோட்டுப் பாலத்துக்குப் பக்கத்தில் மொபெட் கிடக்கிறது என்றார். என் கணவரின் அண்ணனோடு ஓடினேன். பெரிய மாமா என்று நான் கூப்பிடும் அவர் மாட்டுத் தரகு பார்க்கிறவர். சுற்று வட்டாரத்துச் சந்தை எல்லாம் அவருக்கு அத்துபடி. மொபெட் சாய்ந்து கிடந்தது. என் வீட்டுக்காரர் செருப்பில் ஒன்று மட்டும் பள்ளத்தில் கிடந்தது. பலகைக்கு இந்தப் பக்கம், அதாவது எங்கள் மாவட்டத்தில். எங்கள் பக்கத்து ஸ்டேஷனிலிருந்து இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். எந்த ஸ்டேஷன் என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் மட்டும் என்ன ஆகிவிடப் போகிறது.

ஒருத்தர் மொபெட்டைச் சுற்றி வந்தார். பலகையைப் பார்த்தார். "இது நம்ம லிமிட்டு இல்லையே" என்றார்.

"என்னய்யா, பலகைக்கு இங்கிட்டுத்தான கெடக்கு?" என்றார் பெரிய மாமா.

போலீஸ்காரர் பலகையை மறுபடி பார்த்தார். இன்னொருத்தரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். இரண்டு பேரும் மொபெட்டை நிமிர்த்தி, பேசிக்கொண்டே தள்ளிக்கொண்டு போய், பலகைக்கு அந்தப் பக்கம் ஸ்டாண்டு போட்டு நிறுத்தினார்கள்.

"இப்ப?" என்றார், கையைத் தட்டிக்கொண்டே.

எங்கள் கண் முன்னால்தான் நடந்தது இது. செம்மண்ணில் டயர் தடம் பலகையைத் தாண்டிப் போனது தெளிவாகத் தெரிந்தது. அதைக்கூட அழிக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. அந்தப் பக்கத்து ஸ்டேஷனுக்கு நடந்தோம். "ஆளு எந்த ஊரு? அங்கிட்டா? அப்ப காணோம்னு அங்கிட்டுத்தான் எழுதிக் குடுக்கணும். வண்டிய வேணா நாங்க எடுத்து வச்சுக்கிறோம்" என்றார்கள். சொன்னபடி வண்டியை எடுத்து வைத்துக்கொண்டார்கள்.

திரும்பி நடக்கும்போது பெரிய மாமா, "இவய்ங்கள நம்பி ஆகாதுத்தா. மொறைப்படி போவம்" என்றார். முறைப்படி என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது. "மனுசனுக்குமா மாமா?" என்று கேட்டேன். "மாடு பிடிக்கிறவய்ங்கதான இவனையும் பிடிச்சுருக்காய்ங்க? வேற யாருகிட்டப் போறது?" என்றார். அவருக்கு அது சரியாகவே பட்டது. அதுதான் எங்கள் ஆட்களின் புத்தி.

பெரிய மாமா சொல்லி அனுப்பினார். துப்புக்காரர் ஒளிந்து மறைந்து வரவில்லை. பளிச்சென்ற வெயிலில், வெள்ளைச் சட்டையும் நெற்றியில் சந்தனமுமாக, கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறவர் மாதிரி வந்தார். பட்டாசாலையில் நாற்காலி போட்டோம். செம்பில் தண்ணீர் கொடுத்தேன். வாய் நிறைய வெற்றிலை. வாசல் பக்கம் எட்டித் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். பாதி என் கோலத்தில் விழுந்தது.

"அடையாளம் சொல்லுங்க. வேற எவனையாச்சும் மாத்திக் கீத்திக் கூட்டியாந்துறக் கூடாதுல்ல" என்றார்.

சிரிக்கிறாரா என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. பெரிய மாமாவும் சிரிக்காமலே சொன்னார். "மாநிறம். நெத்தியில வலப்பக்கம் ஒரு தழும்பு. தலையில ரெட்டைச் சுழி."

"ரெட்டைச் சுழியா? அப்ப நான் கேள்விப்பட்ட உருப்படி அதுதேன்."

உருப்படி. அந்த வார்த்தை இன்றைக்கும் என் காதில் ஊர்கிறது.

பிறகு நடந்ததை நினைத்தால் எனக்குக் குமட்டும். பெரிய மாமா தோளில் கிடந்த துண்டை எடுத்து விரித்தார். சந்தையில் மாட்டுக்கு விலை பேசுகிறவர்கள் வாய் திறந்து தொகையைச் சொல்ல மாட்டார்கள். துண்டுக்குள் கையை விட்டு, ஒருத்தர் விரலை ஒருத்தர் பிடித்துப் பேசுவார்கள். பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தெரியாது. அதேபோல இரண்டு பேரும் துண்டுக்குள் கையை விட்டுக்கொண்டார்கள். விலை பேசுவது என் புருஷனுக்கு. நான் அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு, துண்டு நெளிவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்னண்ணே இது! ரெண்டு சோடி மாட்டு வெலையில்ல கேக்குறீக" என்று பெரிய மாமா சத்தம் போட்டபோதுதான் எனக்கு விலை தெரிந்தது.

"நானா கேக்குறேன்? கேள்விப்பட்டதச் சொல்றேன்."

உடனே பெரிய மாமா தன் தொழிலில் இறங்கிவிட்டார். மாட்டின் பல்லைக் குறை சொல்வது, காலைக் குறை சொல்வது, அப்படித்தானே விலையை இறக்குவார்கள். அதே வாய், அதே ராகம். "அவன் சீக்காளிண்ணே. இழுப்பு நோவு. பனி விழுந்தா நாலெட்டு நடக்க மாட்டான். மாத்திரை இல்லேன்னா மூச்சு ஓடாது. அந்த ஒடம்புக்கா ரெண்டு சோடி? ஒரு சோடியே சாஸ்தி. பாத்துச் சொல்லுங்க."

துப்புக்காரரின் வாய் அசை போடுவதை நிறுத்தியது. "மாத்திரை இல்லேன்னா ஓடாதா?"

"எங்கிட்டு ஓடும்? திங்காமப் போயி முழுசா ஒரு நாளாச்சு."

"அடடா" என்றார் அவர். துண்டுக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார். "அப்ப ரொம்ப நாளு போட்டு வைக்க முடியாதே. நீங்களும் சுருக்காப் பொரட்டணும். மூணு சோடின்னு வச்சுக்கிருவம்."

பெரிய மாமாவின் முகம் செத்துப்போனது. அவர் கெட்டவர் இல்லை. தம்பி மேல் உயிரையே வைத்திருந்தவர். சந்தையில் எதைச் சொன்னால் விலை இறங்குமோ அதைச் சொன்னார். சீக்காளி மாட்டை வாங்குகிறவன் யோசிப்பான். சீக்காளி மனுஷனை விற்கிறவன் யோசிக்க மாட்டான் என்று அவருக்குத் தோன்றவில்லை.

நான் மாடத்திலிருந்து பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வந்து நீட்டினேன். "அண்ணே, இதை மட்டும் அவுக கையில சேத்துருங்க. காலையில ஒண்ணு, பொழுதிறங்க ஒண்ணு. வெந்நியில முழுங்கச் சொல்லுங்க."

"நான் எங்க தங்கச்சி அவரப் பாக்கப் போறேன்? எனக்கு எடமே தெரியாதே" என்றார். சொல்லிக்கொண்டே பொட்டலத்தை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "கேள்விப்பட்டா குடுத்து விடுறேன்."

அவர் போனதும் வெற்றிலை எச்சிலைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். கழுவக் கழுவ எனக்குள் ஒரே எண்ணம்: கேட்ட பணத்தைப் புரட்டுவதற்குள் அந்த நெஞ்சு நின்றுவிட்டால்?

யாருக்கும் தெரியாமல் எங்கள் பக்கத்து ஸ்டேஷனுக்குத் தனியாகப் போனேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். அந்த ஸ்டேஷன் படியை அதுவரை மிதித்ததில்லை. வயதான ஏட்டு ஒருத்தர் மட்டும் இருந்தார். மொபெட்டைத் தள்ளினவர் இல்லை. முழுதும் கேட்டார். துப்புக்காரர் யார் என்று சொல்வதற்கு முன்னால் அவரே சொன்னார். "சந்தனம் வச்ச ஆளுதான?"

"தெரியுமாய்யா?"

"இந்த ஸ்டேஷன்ல அந்த ஆளைத் தெரியாதது சொவரு மட்டுந்தான் ஆத்தா. தெரிஞ்சு என்ன செய்ய? நான் இந்த உடுப்போட பலகையத் தாண்டணும்னா அங்கிட்டு இருக்க எசமான் சரின்னு சொல்லணும். அவரு சொல்லுறதுக்குள்ள அவய்ங்க நாலு ஊரு மாறிருவாய்ங்க. இங்கிட்டுப் பிடிச்சா அங்கிட்டுக் கட்டுவாய்ங்க, அங்கிட்டுப் பிடிச்சா இங்கிட்டு. இம்புட்டையும் மீறி ஒருத்தனப் பிடிச்சு நிறுத்துனா, பறிகுடுத்தவன் வந்து, எம் மாடு தொலையவே இல்ல, தானா மேஞ்சுட்டு வந்துருச்சுன்றான். நீங்க அவனக் கூப்பிட்டு வச்சுச் சோறு போடுறீக. நான் எவனப் பிடிக்க?"

நான் போகாமல் நின்றேன். பிறகு அவரே, "மறுக்கா எப்ப வருவான்?" என்று கேட்டார். சொன்னேன். பணத்தை வாங்கிக்கொண்டு துப்புக்காரர் கிளம்பும்போது, உடுப்பு இல்லாமல் பின்னாலேயே போய்ப் பார்ப்பதாகச் சொன்னார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. சொன்னதால் என் வீட்டுக்காரர் செத்துவிடுவாரோ என்று ஒரு பயம். சொல்லாமல் இருந்தால் செத்திருப்பாரோ என்று இன்னொரு பயம். இரண்டும் மாறி மாறி வந்தன.

புளி மூட்டைகளை வந்த விலைக்குத் தள்ளினோம். என் கழுத்தில் கிடந்தது அடகுக்குப் போனது. துப்புக்காரர் வந்து வாங்கிக்கொண்டு, நாளைக்கு வெயில் ஏறினதும் பலகைக்குப் பக்கத்துப் புளிய மரத்தடிக்கு அண்ணன்காரர் வர வேண்டும் என்றார். பஸ்ஸில் ஏறினார். ஏட்டும் அதே பஸ்ஸில் ஏறினார் என்று கேள்விப்பட்டேன். அதற்கு மேல் ஒரு தகவலும் இல்லை.

மறுநாள் நானும் பிடிவாதமாகக் கூடப் போனேன். மரத்தடியில் ஒரு ஆள் தலையில் துண்டைப் போட்டுக் குனிந்து உட்கார்ந்திருந்தது. "என்னங்க" என்று கத்திக்கொண்டு ஓடினேன். அவர் நிமிர்ந்தார், ஆனால் எழுந்திருக்கவில்லை. பெரிய மாமா போய்த் தோளைத் தொட்ட பிறகுதான் எழுந்தார். அண்ணன் வந்து தொடும்வரை எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லி உட்கார வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மாட்டையும் உடைமைக்காரன்தான் கயிற்றைத் தொட்டு அவிழ்க்க வேண்டும், அது முறை. சுற்றிலும் ஒருத்தரும் இல்லை. கட்டும் இல்லை. ஆனாலும் அவர் உட்கார்ந்தே இருந்திருக்கிறார்.

அவர் மேல் ஆட்டுப் புழுக்கை நாற்றம். ஆட்டுக் கிடைக் குடிசை ஒன்றில் முளைக்குச்சி அடித்துக் கணுக்காலில் தும்புக் கயிறு போட்டிருக்கிறார்கள். கயிறு அறுத்த இடத்தில் ஈ மொய்த்தது. நெஞ்சுக்குள் பூனைக்குட்டி ஒன்றில்லை, ஒரு ஈற்றுக் குட்டிகள் அத்தனையும் கத்தின. "மாத்திரை குடுத்தாகளா?" என்று கேட்டேன். கையை ஆட்டினார். பேச முடியவில்லை. வீட்டில் மாத்திரை இல்லாததால் கோரிப்பாளையத்துக்குத்தான் நேராக பஸ் ஏறினோம். ஊசி போட்ட பிறகு மூச்சு இறங்கியது. டாக்டர், "இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா என்கிட்டக் கொண்டு வந்திருக்க வேண்டாம்" என்றார்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

மாடு திரும்பி வந்தால் துப்புக்காரரைக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டு, வேட்டி துண்டு கொடுப்பது வழக்கம். பெரிய மாமா கூப்பிட்டுவிட்டார். "மொறைய விட்டா நாளைக்குத் தோட்டந் தொரவுக்குப் போக முடியாதுத்தா. ஆக்கு" என்றார். கோழி அடித்துக் குழம்பு வைத்தேன். பட்டாசாலையில் இலை போட்டு என் வீட்டுக்காரரையும் அந்த ஆளையும் எதிரெதிரே உட்கார வைத்தார்கள்.

"மாப்ள, எளைச்சுப் போனீகளே. நல்லாச் சாப்பிடுங்க" என்றார் துப்புக்காரர். என் வீட்டுக்காரர் சிரித்தார். பயத்தில் சிரித்தாரா, மரியாதைக்குச் சிரித்தாரா எனக்குத் தெரியாது. அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை.

எலும்பைக் கடித்துக்கொண்டே துப்புக்காரர் கதை சொன்னார். "நம்ம ஏட்டய்யா பாவம்ணே. எனக்குப் பின்னாடியே பஸ்ஸுல வாராரு. எறங்குனா எறங்குறாரு. வெயில்ல நின்னு தவிச்சுப் போனாரு. நான்தேன் கூப்பிட்டு மோர் வாங்கிக் குடுத்தேன். அய்யா, பலகையத் தாண்டிட்டீக, அடுத்த பஸ்ஸு இன்ன நேரத்துக்கு வரும்னு நானே ஏத்தி விட்டேன்." சொல்லிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "தங்கச்சி பயந்து போயிச் சொல்லிருச்சு. நான் ஒண்ணும் தப்பா எடுத்துக்கிறல."

கரண்டியைக் குழம்புச் சட்டியில் வைத்துவிட்டு நிலையோரம் ஒதுங்கினேன்.

சாப்பிட்டு முடித்து, கை கழுவி, வெற்றிலைக்குச் சட்டைப் பையில் கையை விட்டார். சுண்ணாம்பு டப்பாவோடு ஒரு பொட்டலமும் வந்தது. பிரித்துப் பார்த்தார். "அட, தங்கச்சி! மறந்தே போச்சு பாரு" என்று என்னிடம் நீட்டினார். மாத்திரைகள் அப்படியே இருந்தன. சுண்ணாம்பும் புகையிலைத் தூளும் ஒட்டி மஞ்சளாகக் கிடந்தன. "வீணாக்காதத்தா. தொடச்சுட்டுப் போட்டா ஒண்ணும் ஆகாது."

பெரிய மாமா கீழே பார்த்தார். துப்புக்காரர் புது வேட்டியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "ஒண்ணு மட்டும் நிச்சயம் மாப்ள. ஒருக்கா துப்புக்கூலி குடுத்து மீட்டத மறுக்காத் தொட மாட்டாக. மொறை அது. தைரியமாப் போகலாம், வரலாம்" என்றார்.

"அது போதும்ணே" என்றார் என் வீட்டுக்காரர். மனதாரச் சொன்னார்.

பொட்டலத்தை மாடத்தில் போட்டேன். கொல்லைக்கு ஓடினேன். திரும்பி வந்தபோது அந்த ஆள் போய்விட்டிருந்தார். இலை அப்படியே கிடந்தது, எலும்பும் எச்சிலுமாக. விருந்தாளியின் இலையை வீட்டுப் பொம்பளைதான் எடுப்பாள். நான் எடுக்கவில்லை. "எலைய எடு ஆத்தா" என்றார் பெரிய மாமா. "எடுக்க மாட்டேன்" என்றேன். அந்த வீட்டில் நான் மாட்டேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. பிறகு என் வீட்டுக்காரர் எழுந்து, குனிந்து, அந்த இலையை இரண்டாக மடித்து எடுத்துக்கொண்டு வெளியே போனார். குனிந்தபோது வேட்டிக்குக் கீழே கணுக்கால் தெரிந்தது. மருந்து போட்டிருந்த இடம் இன்னும் காயவில்லை.

அடுத்த நாள் ஏட்டு வந்தார். உடுப்போடு வந்தார். "ஆளு வந்துருச்சு போல. எங்கிட்டுப் போயிருந்தீக?"

"பழனிக்குங்கய்யா. ஒரு வேண்டுதல்" என்றார் என் வீட்டுக்காரர்.

ஏட்டு அவர் தலையைப் பார்த்தார். "மொட்டை போடலையா?"

"அடுத்த வருசம் போடணும்."

"சரி. நீ என்னத்தா சொல்ற?" என்று என் பக்கம் திரும்பினார்.

மாடத்திலிருந்த பொட்டலத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். "அவுக பழனிக்குப் போகலைங்கய்யா. ஆட்டுக் கெடையில கட்டிப் போட்டுருந்தாக. காலப் பாருங்க" என்றேன்.

ஏட்டு பேனாவின் மூடியைக் கழற்றினார். உண்மையிலேயே எழுதத் தயாராகத்தான் இருந்தார். அவர் முகத்தில் அது தெரிந்தது. "தம்பி, சொல்லுங்க. எங்க கட்டிப் போட்டுருந்தாக? இங்கிட்டா, அங்கிட்டா?"

என் வீட்டுக்காரர் என்னைப் பார்க்கவில்லை. "அங்கிட்டுங்கய்யா" என்றார்.

ஏட்டு அவர் கணுக்காலைப் பார்த்தார். பிறகு மூடியைத் திரும்பப் போட்டார். "அங்கிட்டுன்னா அங்கிட்டுத்தான் போயி எழுதிக் குடுக்கணும்" என்றார். 'அங்கிட்டு' என்ற அந்த ஒரு வார்த்தையில் என் வீட்டுக்காரர் தப்பித்துக்கொண்டார். ஏட்டும் தப்பித்துக்கொண்டார். நான் அடுப்படிக்குள் போய்விட்டேன்.

நாங்கள் அங்கே போகவில்லை. வருஷம் திரும்புவதற்குள் ஒத்தக்கடைப் பக்கம் வாடகைக்கு வந்துவிட்டோம். இழுப்புக்கு மதுரைக் காற்று நல்லது என்று என் வீட்டுக்காரர் சொந்தக்காரர்களிடம் சொன்னார். புளியை விட்டுவிட்டு ஒரு கடையில் சம்பளத்துக்குச் சேர்ந்தார்.

மொபெட்டை மீட்கவே இல்லை. மீட்க வேண்டுமென்றால் அது எப்படி அங்கே வந்தது என்று சொல்ல வேண்டும். திருச்சிப் பக்கம் விசேஷத்துக்குப் போகும்போது பஸ் ஜன்னலிலிருந்து பார்ப்பேன். அந்தப் பக்கத்து ஸ்டேஷன் சுவரோரத்தில், உடைந்த சைக்கிள்களுக்கும் ஒரு மாட்டு வண்டிச் சக்கரத்துக்கும் நடுவில் அது நின்றுகொண்டிருக்கும். முதலில் டயர் இறங்கியது. பிறகு சீட்டு கிழிந்தது. கடைசியாகப் பார்த்தபோது எருக்கஞ்செடி ஒன்று அதன் வயிற்று வழியாக முளைத்து, ஹேண்டில்பார் உயரத்துக்குப் பூத்திருந்தது. என் வீட்டுக்காரர் அந்த இடம் வந்ததும் கண்ணை மூடித் தூங்குகிற மாதிரி இருப்பார். அவர் தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும். நெஞ்சுச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன்.